ஃபில்டருக்குள் கணக்கு எழுதாதீர்கள்

பல இயந்திரங்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸில், ஒரு பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) எந்த நோடில் (இயந்திரத்தில்) ஓட வேண்டும் என்பதை ஷெட்யூலர் முடிவுசெய்கிறது. 1.19 பதிப்பில் நிலைபெற்ற அதன் பிளகின் (செருகு நிரல்) அமைப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலை. ப்ரீஃபில்டர் பாடை ஒருமுறை சோதிக்கும். ஃபில்டர் ஒவ்வொரு நோடும் தேறுமா என்று பார்க்கும். தேறியவற்றுக்கு ஸ்கோர் மதிப்பெண் போடும். ரிசர்வ் இடம் பிடிக்கும், பைண்ட் அதை உறுதிசெய்யும். ஒரே பிளகின் பல கட்டங்களில் நுழையலாம். வினையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) ஒதுக்கும் பிளகின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோடு வாரியாகக் காலி ஜிபியுக்களை நினைவகத்தில் எண்ணி வைத்திருக்கிறது. பாடுக்கு 2 வேண்டும்; ஃபில்டரிலேயே 'இருக்கிறது' என்று பார்த்த கையோடு 2-ஐக் கழித்துவிடுகிறது. 10 நோடுகள் தேறினால் பத்திலும் கழியும். பாட் போவதோ ஒன்றுக்கு. மிச்சம் 18 ஜிபியு கணக்கில் மாயம். போதாததற்கு, வேறு பாடை வெளியேற்றி இடம் கிடைக்குமா என்று ஒத்திகை பார்க்கும்போதும் இதே ஃபில்டர் ஓடும். சில மணி நேரத்தில் இயந்திரங்கள் சும்மா இருக்க, பாடுகள் பெண்டிங்கில் தொங்கும். ஷெட்யூலரை ரீஸ்டார்ட் செய்தால் எண்ணிக்கை புதிதாகி எல்லாம் சரியானதுபோலத் தெரியும். பிழை நெடுநாள் பிடிபடாமல் போவது இதனால்தான்.

ஃபில்டர் எண்ணிக்கையைப் படிக்க மட்டுமே வேண்டும். கழிப்பது ரிசர்வில், திருப்பித் தருவது, பின்னால் ஏதாவது தோற்றால் ஓடும் அன்ரிசர்வில். இதிலும் ஒரு பொறி உண்டு: உங்கள் ரிசர்வ் ஓடாதபோதும் அன்ரிசர்வ் அழைக்கப்படலாம். கண்ணை மூடிக்கொண்டு 2-ஐக் கூட்டினால் இல்லாத ஜிபியு முளைக்கும். பாடின் யுஐடி (தனி அடையாளம்) வாரியாகப் பதிந்து, பதிவு இருந்தால் மட்டும் விடுவியுங்கள். பைண்டிங் தனிச் சுற்றாக இணையாக ஓடுவதால் எண்ணிக்கையை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதபடி தடுக்கும் லாக்கும் தேவை.

அதே பிளகினில் கோட்டா (பயன்பாட்டு வரம்பு) சோதனையும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்தெடுங்கள். அது நோடைப் பொறுத்ததல்ல; ப்ரீஃபில்டரில் ஒரு தடவை போதும். ஃபில்டரில் வைத்தால், 5,000 நோடு கிளஸ்டரில் கோட்டா தீர்ந்த ஒரு பாடுக்காக 5,000 முறை அதே 'இல்லை'. மதிப்பெண் தருவதையும் தனி பிளகினாக்கினால், ஜிபியு கணக்கைத் தொடாமல் அதன் வெயிட்டை மாற்றலாம், அணைத்தும் வைக்கலாம்.

அதற்காகக் கட்டத்துக்கு ஒரு பிளகின் என்று நறுக்க வேண்டாம். ஜிபியுவின் ஃபில்டரும் ரிசர்வும் ஒரே எண்ணிக்கையைப் பார்ப்பவை. பிரித்தால் இரண்டு கணக்குகள் முரண்படும். வால்யூமை (சேமிப்பிடத்தை) இணைக்கும் உள்ளமைந்த வால்யூம்பைண்டிங் பிளகினும் ஃபில்டர், ரிசர்வ், ப்ரீபைண்ட் எனப் பல கட்டங்களில் நிற்கிறது. ஆனால் கவனிப்பது வால்யூமை மட்டும்.