கட்டைவிரல் அடியில் ஒரு நாடா மடிப்பு

குளித்து முடித்த குழந்தையின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கும்போது தாயின் கட்டைவிரல்கள் விரிந்து நிற்கும், மணிக்கட்டு சாயும். ஒரு நாளில் எத்தனை முறை! பிரசவமாகிச் சில வாரங்களில் "கட்டைவிரல் அடியில சுரீர்னு இழுக்குது" என்று பல தாய்மார்கள் சொல்வதில் வியப்பில்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். ஆனால் இது சுளுக்கே அல்ல.

கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் புடைத்திருக்கும் எலும்பின் மேல் ஓர் உறைக்குள் புகுந்து போகின்றன. பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதைப் போல. அந்த உறை தடித்துவிட்டால் நாடா சிக்கும், ஒவ்வோர் அசைவுக்கும் வலிக்கும். 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேனின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

ஓய்வும் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டையும் போதாதபோது, உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கையால் தடவிப் பார்த்தே போடுவது பழைய வழக்கம். பலருக்கு அதிலேயே குணம் கிடைக்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? அவர்களில் பலருடைய மடிப்பின் நடுவே ஒரு தையல் ஓடுகிறது. மெல்லிய தடுப்பு ஒன்று உறையை இரண்டு அறைகளாகப் பிரித்திருக்கும். ஓர் அறையில் விட்ட மருந்து மற்றதற்குச் சரியாகப் போய்ச் சேராது. பெரும்பாலும் விட்டுப்போவது, மெலிந்த தசைநாண் இருக்கும் சின்ன அறைதான்.

அல்ட்ராசவுண்டின் அருமை இங்கேதான். வயிற்றை ஸ்கேன் செய்ய ஆழம் போகும் தாழ்ந்த அதிர்வெண் தேவை. மணிக்கட்டில் எல்லாமே தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழேதான் என்பதால் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பயன்படுத்தலாம். அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் தெளியும். திரையில் தசைநாண் வெளிர் வட்டமாகவும், தடித்த உறை அதைச் சுற்றிய கருமையாகவும் தெரியும். பக்கத்தில் துடிக்கும் தமனியும், மேலே ஓடும் உணர்ச்சி நரம்பும்கூடப் பிடிபடும். இவற்றைத் தொடாமல் ஊசி ஒரு வெள்ளைக் கோடாக நுழைகிறது. மருந்து இறங்கியதும் உறை விரிந்து, தசைநாணைச் சுற்றி வளையம் கட்டுகிறது. ஒரு தசைநாணைச் சுற்றி மட்டும் வளையம் வந்தால், ஊசியை அடுத்த அறைக்குத் திருப்ப வேண்டியதுதான்.

தசைநாணுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினால் அது பலவீனமாகி அறுந்துபோகக்கூடும். உறைக்கு வெளியே தோலடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்துக் குழிவிழலாம். நம் போன்ற மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். ஊசி போட்ட ஓரிரு நாள் வலி கூடினாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானே அடங்கும்.

ஊசிக்கும் மசியாத வலிக்கு அறுவை சிகிச்சை உண்டு. மடிப்பைப் பிரிப்பது போல உறையைக் கீறித் திறந்துவிடுவார்கள். அங்கேயும் மருத்துவர் தேடுவது அந்தத் தடுப்பைத்தான். சின்ன அறையைத் திறக்காமல் விட்டால் வலியும் அங்கேயே தங்கிவிடும்.