குசினிப் புகையும் வாடைக்காற்றும்

2022 டிசம்பர் 9ஆம் திகதி இலங்கையில் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் சுழன்றுகொண்டிருந்தபோது இந்தியப் பக்கத்து மாசு காற்றோடு வந்து, யாழ்ப்பாணத்தில் பனிமூட்டம் மாதிரி நின்றது. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்தோம், யன்னலைச் சாத்தினோம். பின்னேரம் நுளம்பு வந்துவிடும் என்று நுளம்புத்திரியும் கொளுத்தினோம்!

அந்தத் திரியில் நாங்கள் விட்ட பிழை என்ன என்று விளங்க, முதலில் துகளின் அளவைப் பார்க்க வேண்டும். பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத துகள்கள். தலைமயிரின் தடிப்பு 50 முதல் 70 மைக்ரோமீற்றர். பஸ் கிளப்பிவிடும் பெரும் புழுதி சில விநாடிகளில் நிலத்தில் விழுந்துவிடும். 1 மைக்ரோமீற்றர் துகளோ, அசையாத காற்றில்கூட ஒன்றரை மீற்றர் இறங்க ஏறக்குறைய 12 மணித்தியாலம் எடுக்கும். காற்று அசைந்தால் நாட்கணக்கில் மிதக்கும். பாக்கு நீரிணையைக் கடப்பது அதற்கு ஒரு பாடே இல்லை. தை மாதத்தில் வல்வெட்டித்துறைப் பட்டங்களை ஏற்றுகிற வாடைக்காற்றிலேயே அதுவும் ஏறி வரும்.

மூக்கிலும் இதே கதைதான். பெரிய தூசு வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதிச் சளியில் ஒட்டிவிடும், தும்மினால் வெளியே போகும். நுண்துகள் காற்று திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பி, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகிறது. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்தில் கலக்கலாம். அதனால்தான் இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் இதன் பெயர் அடிபடுகிறது.

சரி, இவ்வளவும் வெளிக்காற்று. குசினிக்குள் போவோம்.

பன்னாடை, பனைமட்டை, பொச்சுமட்டை எல்லாம் நல்லாகக் காய்ந்திருந்தால் சுவாலை விட்டு எரியும். மாரியில் ஈரமானால் வெப்பத்தில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அடுப்பின் சூடு குறையும். விறகிலிருந்து வெளிவரும் வாயுக்கள் எரியாமல் தப்பி, மேலே போய்க் குளிர்ந்து நுண்ணிய தார்த்துளிகளாக உறையும். கூடவே கரித்துகளும். இரண்டும் சேர்ந்ததுதான் கண்ணைக் கரிக்கிற அந்தப் புகை. ஊதுகுழலால் ஊதுகிறவரின் முகம் அதற்கு நேரே இருக்கிறது. காஸ் அடுப்பில் இது மிகவும் குறைவு. ஆனால் மிளகாய்த்தூளுக்கு வறுக்கிற அன்றைக்கு அங்கேயும் தப்ப முடியாது, எண்ணெய்ப் பொரியலும் துகள் விடும்.

ஒருவர் சுவாசிக்கும் அளவை ஊரின் ஒரு மூலையில் நிற்கும் மானி காட்டாது. எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு, வெளியில் கனமீற்றர் காற்றுக்கு 25 மைக்ரோகிராம் பி.எம். 2.5 துகள், புகைக்கூடு இல்லாத குசினியில் 400 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணித்தியாலம் அடுப்படியில் நின்று, மிச்ச 21 மணித்தியாலமும் 25இல் கழித்தவருக்கு நாள் சராசரி 72 வரும். அடுப்படிக்கே போகாத அவருடைய கணவருக்கு 25தான். ஒரே வீடு, ஒரே சோறு! உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த நாள் எல்லை 15. வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

நுளம்புத்திரிக்கு வருவோம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று கண்டார்கள். அதைச் சாத்திய அறைக்குள் கொளுத்தியிருக்கிறோம்.

மாசு வெளியிலிருந்து வருகிறதென்றால் யன்னலைச் சாத்துவது ஓரளவு உதவும். ஓட்டு இடுக்கும் காற்றுத்துளையும் உள்ள எங்கள் வீடுகளில் முழுதாகத் தடுக்காது. புகை உள்ளேயே பிறக்கிறதென்றால் யன்னலைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வந்தால் திறந்தாலும் கேடு, சாத்தினாலும் கேடு. உள்ளே எரிப்பதை நிறுத்துவது ஒன்றுதான் வழி. அன்றிரவு நுளம்புவலை அலுமாரிக்குள் மடித்தபடியே கிடந்தது.