உபுண்டு: தமிழில் எப்படிச் சொல்வது?

2004-இல் வந்த கணினி இயங்குதளத்தால்தான் இந்தப் பெயர் நம்மில் பலருக்கும் பழக்கம். சொல்லோ சூலு, கோசா முதலிய தென்னாப்பிரிக்க மொழிகளுக்கு உரியது.

உமுண்டு என்றால் மனிதர். அபண்டு என்றால் மக்கள். ‘பாண்டு’ என்னும் மொழிக்குடும்பப் பெயரும் இந்த வேரில் பிறந்ததே. ‘உபு’ என்ற முன்னொட்டு பண்புப்பெயரை ஆக்கும். இளமை, பெருமை என்பவற்றில் நம் ‘மை’ செய்கிற வேலை அது. ஆக, உபுண்டு என்றால் மனிதராக இருக்கும் தன்மை. இதே சொல் சோத்தோ மொழியில் போத்தோ, சுவாஹிலியில் உட்டு.

பொருளைத் திறக்கும் சாவி ஒரு சூலுப் பழமொழி: ‘உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு’. மனிதர் மனிதராவது பிற மனிதர்களால்தான். 1637-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்து, “நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்” என்று தனி மனத்திலிருந்து தொடங்கினார். கென்யாவின் தத்துவவாதி ஜான் எம்பிட்டி 1969-இல், “நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்” என்று ஆப்பிரிக்க நோக்கைத் தொகுத்தார்.

இதை வெறும் அன்பு உபதேசமாகப் படிப்பது தவறு. இங்கே பேசப்படுவது இருப்பு. ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் பார்வையில், ஒருவருக்குப் பகுத்தறிவு இருந்தாலே மதிப்பு உண்டு. அதில் ஏற்ற இறக்கம் இல்லை. நைஜீரியத் தத்துவவாதி மென்கிட்டியோ, பிறந்த உடனே எவரும் முழு மனிதர் அல்லர், கடமைகளை ஏற்று ஆளாக வேண்டும் என்றார். அப்படியானால் ஆளாகாதவருக்கு உரிமை இல்லையா? கானாவின் தத்துவவாதி குவாமே ஜெக்கியே மறுத்தது இதைத்தான்: சமூகம் மனிதரை வளர்க்கலாம், முழுவதுமாக வரையறுக்க முடியாது என்பது அவர் வாதம். எனக்கு ஜெக்கியேவின் பக்கமே நியாயம் தெரிகிறது. ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே தத்துவம் என்று பேசுவோருக்கும் இந்தச் சண்டையே பதில்.

சட்டத்திலும் சொல் நுழைந்தது. தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியல் சட்டம், பழிவாங்கல் வேண்டாம், உபுண்டு வேண்டும் என்றது. 1995-இல் மரண தண்டனையை நீக்கிய அரசியல் சட்ட நீதிமன்றத்தின் நீதிபதிகள் பலர் தங்கள் தீர்ப்புரைகளில் இதை எடுத்தாண்டனர்.

தமிழில்? ‘மனிதநேயம்’ என்பது பிறர்மேல் கொள்ளும் பரிவு. நான் எப்படி மனிதனானேன் என்ற கேள்வி அதில் இல்லை. மாந்தர் என்பதிலிருந்து ‘மாந்தம்’ என்றால், அஜீரணக் கோளாறு என்று எண்ணிப் பாட்டிமார் குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். என் தேர்வு ‘மக்கட்பண்பு’. அரம்போலக் கூர்மையான அறிவிருந்தும் மக்கட்பண்பு இல்லாதவர் மரம்போல்வர் என்கிறது குறள் (997). அறிவு மட்டுமே ஒருவரை மனிதராக்கிவிடாது என்ற கருத்து அதில் இருக்கிறது. சொல்லுக்குள் ‘மக்கள்’ என்ற பன்மையும் இருக்கிறது. ஆனாலும் பிறரால்தான் நான் ஆகிறேன் என்ற பகுதியை இது முழுதாகச் சுமக்காது. அறம் பேசும் இடத்தில் மக்கட்பண்பு என்றும், இருப்பைப் பற்றிய வாதத்தில் உபுண்டு என்றே விட்டும் எழுதலாம்.