குழாய் திறந்த நேரம், தொட்டி நிறைந்த நேரம்

"சூரியன் ஒன்றுதானே, அதைப் பார்க்க எதற்கு இத்தனை கருவிகள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சூரியனை ஆராயும் இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலத்தில் புற ஊதாவுக்கு ஒன்று, ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிருக்கு ஒன்று, ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ் கதிருக்கு ஒன்று என்று இருப்பதைப் பார்த்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

பதில் சூரியச் சுவாலையில், அதாவது சூரியனில் திடீரென நிகழும் வெடிப்பில், இருக்கிறது. அது எப்படித் தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரியும். முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைய, தேங்கிக் கிடந்த ஆற்றல் வெளியேறுகிறது. 1859-இல் ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் அப்படி ஒரு சுவாலையைச் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தார். சில நிமிடங்களில் மறைந்துவிட்டது. சரி, அந்த ஆற்றல் எங்கே போனது?

சூரியனின் பரப்பிலிருந்து வில் போல எழும் காந்த வளைவின் உச்சியருகே வேகம் பெற்ற எலெக்ட்ரான்கள் அதன் இரு கால்கள் வழியாகக் கீழே பாய்கின்றன. வழியில் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழல்வதால் நுண்ணலைகள் கிளம்புகின்றன. அடியில் இருக்கும் அடர்ந்த வாயுவில் மோதி நிற்கும்போது வன் எக்ஸ் கதிர் தெறிக்கிறது. அடி வாங்கிய வாயு கோடி டிகிரிக்கு மேல் சூடாகி, அங்கே இருக்க முடியாமல் வளைவுக்குள் பொங்கி ஏறுகிறது. அப்புறம் வளைவு முழுக்க மென் எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது.

இனி இரண்டு கதிர்களின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வன் கதிர் நொடிக்கு நொடி ஊசி ஊசியாகக் குத்தி நிற்கும். மென் கதிர் வழவழப்பான மேடாக ஏறும். சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும். ஆனால் அந்த மேட்டின் சரிவு ஒவ்வொரு கணமும் எவ்வளவு என்று கணக்கிட்டு வரைந்தால், அதே ஊசிகள் அதே இடங்களில் முளைக்கின்றன! வன் கதிர் குழாயின் வேகம்; மென் கதிர் தொட்டியின் நீர்மட்டம். 1968-இல் விஞ்ஞானி வெர்னர் நியூபர்ட், அதே எலெக்ட்ரான்கள் கிளப்பும் நுண்ணலைகளை வைத்து இந்த உறவைக் கண்டதால், இதற்கு நியூபர்ட் விளைவு என்று பெயர். பள்ளியில் படித்த வகைநுண்கணிதம் சூரியனில் நடப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஒரு கருவி இல்லாவிட்டாலும் இந்த உறவு கண்ணில் படாது. அதனால்தான், புதுக் கருவிகளுக்குக் கிடைக்கும் நிதி, இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கருவிகளை ஒரே சமயத்தில் தொடர்ந்து இயக்கவும் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

எல்லாச் சுவாலைகளும் இப்படி ஒத்துவருவதில்லை. சிலவற்றில் வன் கதிர் அடங்கிய பிறகும் மென் கதிர் ஏறிக்கொண்டே இருக்கும். குழாயை மூடியும் நீர் ஏறுகிறது என்றால் வேறு வழியிலும் வருகிறது என்றுதானே அர்த்தம்? அப்போது புற ஊதாப் படங்களைப் பார்க்க வேண்டும். பழைய வளைவுகளுக்கு மேலே புதிய வளைவுகள் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தால், காந்தக் கோடுகளின் இணைப்பு இன்னும் முடியவில்லை.