விழுகிற ஈஎல்சிபியின் வாயை அடைக்காதீர்கள்

நான் வயரிங் வேலை செய்கிறவன். சென்ற வாரம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) வெளியேறி வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீடு. "குளிக்கிறப்ப பைப்பத் தொட்டா சுருக்குங்குது தம்பி" என்று பாட்டி சில நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வயசான காலத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

டிபி பாக்ஸை, அதாவது வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். ஈஎல்சிபிக்கு (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து, அதாவது டிரிப் ஆகி, கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) மேலே வருகிற வயரையும் கீழே போகிற வயரையும் ஒரு துண்டு வயர் போட்டு நேராக இணைத்திருந்தது. குளியலறைத் தண்ணீர் ஹீட்டரைப் போட்டால் டிரிப் ஆகிக்கொண்டே இருந்ததாம். தெரிந்தவர் ஒருவர் வந்து புது ஈஎல்சிபி மாற்றினாராம். அதுவும் விழுந்ததாம். "இப்ப வர்ற சாமானே சரியில்ல" என்று சொல்லி டைரக்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பின்பக்கம் போய்ப் பார்த்தால், எர்த் ராடில் (கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க அடித்த கம்பி) கிளாம்ப் துருப்பிடித்து வயர் தனியாகக் கிடக்கிறது. ஹீட்டர் எலிமெண்டில் (தண்ணீரைச் சூடாக்குகிற கம்பி) ஓட்டை. பாட்டி உயிரோடு இருப்பது அந்தக் குளியலறையில் எப்போதும் ரப்பர் செருப்போடு நிற்கிற பழக்கத்தால் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஈஎல்சிபி விழுந்தால் ஈஎல்சிபி கெட்டுப்போச்சு என்று அர்த்தம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. லைவில் போகிற கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பு) பேர் கொடுத்தவர்கள் எல்லாரும் காட்டை விட்டுத் திரும்பினார்களா என்று கிராணி (கணக்குப்பிள்ளை) எண்ணிப் பார்க்கிற மாதிரி, போனதையும் வந்ததையும் ஈஎல்சிபி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கு இடித்தால் கரண்ட் வேறு எங்கோ கசிகிறது. ஹீட்டர் உடம்பு வழியாகப் போகலாம், ஈரச் சுவர் வழியாகப் போகலாம், குளிக்கிறவர் வழியாகவும் போகலாம். புதுசு மாற்றியும் விழுகிறது என்றால் பழசும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்ன பிறகும் நம்பாமல் டைரக்ட் கொடுக்க எப்படித்தான் கை வருகிறதோ.

"எம்சிபி இருக்கே அண்ணே, அது பாத்துக்காதா?" என்று கேட்பார்கள். பார்க்காது. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் விழுகிற சுவிட்ச்) வயருக்குக் காவல், மனுஷனுக்கு இல்லை. குளியலறை ஹீட்டர் ஏறக்குறைய 3.6 கிலோவாட், அதாவது 16 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 20 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கும். நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அந்த உடம்பு வழியாக ஓடுவது 230 மில்லி ஆம்பியர். உயிர் போவதற்கு அது தாராளம். ஆனால் எம்சிபி பார்ப்பது 16 ஆம்பியர் 16.23 ஆனதை மட்டும். அது அசையவே அசையாது.

எர்த் இருந்தால் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. நம் நாட்டு வீடுகளுக்குப் பொதுவாக அந்தந்த வீட்டு மண்ணில் அடித்த ராடுதான் எர்த். அந்த ராடு 50 ஓம் காட்டுகிறது என்றால், முழு லைவ் ஹீட்டர் உடம்பைத் தொட்டாலும் மண்ணுக்குப் போவது 5 ஆம்பியருக்கும் குறைவு. ஹீட்டரின் 16 உடன் கூட்டினாலும் 21 கூட வராது. 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழாது. எர்த் கண்டிப்பாக வேண்டும். ஆனால் இந்த மாதிரி வீட்டில் கரண்டை நிறுத்துகிற வேலை ஈஎல்சிபியுடையது.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்புக் கணக்கு: "டெஸ்ட் பட்டன அமுக்கினா விழுது, அப்ப எர்த் நல்லாத்தான் இருக்கு." அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே கிடையாது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் பட்டனை அமுக்கினால் விழும். உள்ளே இருக்கிற இயந்திரம் இறுகிப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அந்தப் பட்டன். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். எர்த்தை அளக்க மீட்டரோடு ஆள் வர வேண்டும்.

மெயினில் ஒரு ஈஎல்சிபி இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பழைய வீடுகளில் அது 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிற ரகமாக இருக்கும். தரை நனைகிற இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே சொல்கின்றன. ஹீட்டருக்கென்று தனி வயர், தனி எம்சிபி, தனியாக 10 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி வேண்டும். ஹீட்டருக்குள்ளேயே ஈஎல்சிபி வைத்து விற்கிறார்களே என்றால், நல்லதுதான். ஆனால் டிபியிலிருந்து ஹீட்டர் வரைக்கும் வருகிற வயரை அது காக்காது.

எப்போது விழுகிறது என்பதைக் கவனித்து வைத்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். சுவிட்சைப் போட்ட உடனே விழுந்தால் டெர்மினலில் ஈரமாக இருக்கலாம், உள்ளே பல்லி செத்துக் கிடக்கலாம், எறும்புப் புற்றும் இருக்கலாம். எல்லாம் கண்ணால் பார்த்தவை. தண்ணீர் சூடேறி இரண்டு மூன்று நிமிஷம் கழித்து விழுந்தால் பெரும்பாலும் எலிமெண்டின் உறை வெடித்திருக்கும். (தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கு: ஆறிய ஹீட்டரில் மெகர் என்கிற இன்சுலேஷன் மீட்டர் வைத்து 1 மெகாஓமுக்கு மேலே காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். சூடாக்கி, உடனே கரண்டை நிறுத்தி, மறுபடி வைத்துப் பாருங்கள்.) இடி மழை நேரத்தில் மட்டும் ஒரு தடவை விழுந்து, திரும்பத் தூக்கினால் நிற்கிறது என்றால் பதற வேண்டியதில்லை. தண்ணீர் சூடாகவில்லை, ஆனால் எதுவும் விழவில்லை என்றால் முதலில் தண்ணீர் அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கிற சுவிட்ச் எலிமெண்டை வேலை செய்ய விடாது.

வீட்டிலிருப்பவர்கள் இவ்வளவு செய்யலாம். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஈஎல்சிபியைத் தூக்குங்கள். அப்போதே நிற்கவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஈஎல்சிபியே போய்விட்டது. அத்தோடு விட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். ஹீட்டர் எம்சிபி நின்று, குளியலறைக்கு வெளியே உள்ள சுவிட்சைப் போட்டதும் விழுந்தால் கோளாறு ஹீட்டரில். அந்த எம்சிபியை இறக்கியே வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள். ஹீட்டர் மூடியைக் கழற்றாதீர்கள். டெஸ்ட் பென் (டெஸ்டர்) எரியவில்லை என்று நம்பி எதையும் தொடாதீர்கள். திரும்பத் திரும்ப ஈஎல்சிபியைத் தூக்கிப் போட்டுப் பார்க்கவே கூடாது; ஒவ்வொரு தடவையும் உள்ளே குளிப்பவரை வைத்துச் சோதிக்கிறீர்கள்.

ஹீட்டரை 13 ஆம்பியர் பிளக்கில் செருகி, எக்ஸ்டென்ஷன் வயரைக் குளியலறைக் கதவுக்கு மேலே இழுத்திருக்கும் வீடுகளை என்ன சொல்வது? தயவுசெய்து இன்றைக்கே கழற்றுங்கள்.

தீபாவளி வருகிறது. அன்றைக்கு விடியற்காலையில் எண்ணெய் வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் குளிப்பீர்கள், ஹீட்டர் ஓய்வில்லாமல் ஓடும். லூசாக இருக்கிற டெர்மினல் ஸ்குரூ கருகுவது இப்படிப்பட்ட நாளில்தான். சுவிட்ச் தொட்டால் சூடாக இருந்தாலோ, மீன் வாடை மாதிரி பிளாஸ்டிக் வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். தீபாவளிக்கு முன்பே பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் தாராளமாகக் காட்டுவேன். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். செலவை நினைத்துத் தயங்கினால் அதுவரை ஹீட்டரை நிறுத்தி வையுங்கள்.

வீட்டில் பெரியவர்களோ பிள்ளைகளோ "சுருக்குங்குது" என்று சொன்னால் அந்த நிமிஷமே ஹீட்டர் எம்சிபியை இறக்குங்கள். யாராவது கரண்ட் பிடித்து விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், முதலில் மெயினை இறக்குங்கள், அப்புறம் 999க்கு அழையுங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இதயத்தைப் பரிசோதித்து விடுங்கள்.