வால் மாறினால் செல்லின் போக்கும் மாறும்

உடம்பின் திசுக்களிலுள்ள பெரும்பாலான செல்கள் எதையாவது பற்றிக்கொண்டிருந்தால்தான் இரண்டாகப் பிரிந்து பெருகும். திரவத்தில் மிதக்கவிட்டால், வளர்ச்சிக் காரணியை எவ்வளவு ஊற்றினாலும் டி.என்.ஏ. நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தைத் தாண்டாது. பற்றும் வேலையைச் செய்பவற்றில் முதன்மையானவை செல் சவ்வில் ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் ஏற்பிகள். மனிதரிடம் அவற்றுக்கான 18 ஆல்ஃபா, 8 பீட்டா புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை இணைந்து 24 ஜோடிகள் ஆகின்றன.

ஏற்பியின் வெளிப்பகுதி, செல்லைச் சூழ்ந்த வலையிலுள்ள ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பிடித்ததும், செல்லுக்குள் நீண்டிருக்கும் பீட்டா வாலில் டாலின், கிண்ட்லின் என்ற புரதங்கள் ஒட்டுகின்றன. அங்கே திரளும் எஃப்.ஏ.கே. நொதி, தன் 397ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு சார்க் நொதியை இழுக்கிறது. சமிக்ஞை ஈ.ஆர்.கே. என்ற நொதி வழியே உட்கருவை எட்டுகிறது, பிரிவை முன்தள்ளும் சைக்ளின் டி1 புரதம் கூடுகிறது, டி.என்.ஏ. நகலெடுக்க வழி திறக்கிறது.

இந்த வாலில்தான் விஷயமே இருக்கிறது. எட்டு பீட்டா சங்கிலிகளில் ஒன்றான பீட்டா1-க்கு மரபணு ஒன்றுதான். ஆனால் அதன் ஆர்.என்.ஏ. வெட்டி இணைக்கப்படும் விதத்தைப் பொறுத்து வால் மாறும். பரவலாகக் காணப்படும் பீட்டா1ஏ வடிவத்தின் வாலில் 47 அமினோ அமிலங்கள். முதல் 26 எல்லா வடிவங்களுக்கும் பொது. டாலினும் கிண்ட்லினும் பற்றும் முக்கிய இடங்கள் கடைசி 21-இல் உள்ளன. பீட்டா1சி என்ற வடிவத்தில் இந்த 21 இல்லை, அங்கே முற்றிலும் வேறான 48 வந்து உட்காருகிறது. அதை மிகுதியாக உற்பத்தி செய்யும் செல் ஜி1-இன் கடைசியில் நின்றுவிடுகிறது. பி27 என்ற தடைப் புரதம் பெருகி, பிரிவை முடுக்கும் கைனேஸ் நொதிகளைப் பூட்டிவிடுவதே இதற்கு முக்கியக் காரணம். இயல்பான புராஸ்டேட் சுரப்பியின் எபிதீலியத்தில் (உள்வரி செல் அடுக்கில்) காணப்படும் பீட்டா1சி, அங்கே புற்று வரும்போது குறைந்துபோகிறது. இதயத்திலும் எலும்புத்தசையிலும் இருப்பது பீட்டா1டி என்ற இன்னொரு வடிவம்.

ஆய்வுக்கூடத்தில் பலர் சறுக்குவதும் இங்கேதான். ஏற்பியின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு பீட்டா1ஏ-யும் பீட்டா1சி-யும் ஒன்றுதான். வாலின் மாறும் கடைப்பகுதியை மட்டும் அறியும் ஆன்டிபாடி வேண்டும்; அது உள்ளே புக, செல் சவ்வைத் துளையிட்டாக வேண்டும்.

பிரிவை அளக்க, செல்களைச் சீரம் (ரத்தம் உறைந்தபின் எஞ்சும் திரவம்) இல்லாமல் 24 முதல் 48 மணிநேரம் ஓய்வில் வைத்து, ஃபைப்ரோநெக்டின் பூசிய தட்டில் இறக்கி, புது டி.என்.ஏ.வில் சேரும் அடையாளப் பொருளைக் கொடுத்து எண்ணலாம். பூசாத இடங்களை ஆல்புமின் புரதத்தால் மூடுவது அவசியம். செல்களை இறக்கும் நேரத்தில் சீரம் கலந்தால் அதிலுள்ள விட்ரோநெக்டின் என்ற ஒட்டும் புரதம் தட்டில் படியும்; செல்கள் வேறு இன்டெக்ரின்களால் பற்றிக்கொள்ள, பீட்டா1-இன் பங்கு மறைந்துவிடும். ஒப்பிடும் இரு செல் கூட்டங்களிலும் மேற்பரப்பு ஏற்பியின் அளவு சமமா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் முறை) முதலில் பார்த்துவிடுங்கள். சமமில்லையென்றால் கிடைக்கும் வேறுபாடு வாலால் வந்ததா, எண்ணிக்கையால் வந்ததா என்று பிரிக்க முடியாது.