கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டை விழுங்க முடியாத பிரௌசர்

ஆன்லைன் தேர்வுக்கு யாரும் பிட் எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. கேள்வி ஒரு ஜன்னலில், கூகுள் அடுத்த ஜன்னலில். நடுவே இருப்பது ஆல்ட்-டேப் என்ற இரண்டே விசைகள். அந்த விசைகளை முடக்கத்தான் தேர்வு பிரௌசர்கள் வந்தன. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புழங்கும் ஒன்று சேஃப் எக்ஸாம் பிரௌசர். சுவிட்சர்லாந்தின் சூரிச் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

விண்டோஸில் அது மாணவரை அடைத்துவைக்கும் வழிகளில் ஒன்று, புதிதாக ஒரு டெஸ்க்டாப்பை உருவாக்கி அதற்குள் கூட்டிப்போவது. வீடு அதேதான், அறை வேறு. ஏற்கனவே திறந்திருந்த வாட்ஸ்அப்பும் பிடிஎஃபும் பழைய அறையில் இருக்கும். அங்கே திரும்பக் கதவு இருக்காது. அழுத்தும் ஒவ்வொரு விசையும் மற்ற செயலிகளுக்குப் போகுமுன் இதன் கைக்கு வருகிறது. ஆல்ட்-டேப், பிரின்ட் ஸ்கிரீன் என்றால் விழுங்கிவிடும்.

கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டை மட்டும் விழுங்க முடியாது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இந்த மூன்று விசைகள் எந்தச் செயலியிடமும் சிக்காமல் நேராக இயங்குதளத்துக்குப் போகின்றன. போலி லாகின் திரை காட்டிப் பாஸ்வேர்டைத் திருடுகிறவர்களுக்கு எதிரான ஏற்பாடு அது. ஆகவே தேர்வு பிரௌசர் சுற்றுவழியில் போகிறது. அந்த விசைகளை அழுத்தினால் வரும் நீலத் திரையில் செயலிகளை நிறுத்தவிடும் டாஸ்க் மேனேஜர், லாக், பயனரை மாற்று என்று இருக்கும் வரிகளை, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் முன்கூட்டியே அணைத்துவைக்கிறது. திரை வரும், தொடுவதற்கு ஒன்றும் இருக்காது. தேர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால்? டாஸ்க் மேனேஜரைக் காணோம் என்று தேட வேண்டியதுதான். இதற்கென்றே ஒரு மீட்புக் கருவியையும் கூடவே தருகிறார்கள்!

பூட்டைவிட எனக்குச் சுவையாகப் படுவது அடுத்த கேள்வி. மாணவர் பூட்டிய அறையிலிருந்துதான் எழுதுகிறார் என்று எங்கோ இருக்கும் சர்வருக்கு எப்படித் தெரியும்? பிரௌசர் தன் பெயரைச் சொல்லும், சரி. ஆனால் எந்த பிரௌசரும் எந்தப் பெயரையும் சொல்லலாம். குரோமில் அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

அதனால் பெயரோடு முத்திரையும் கேட்கிறார்கள். எந்த முகவரிகளைத் திறக்கலாம், கால்குலேட்டர் உண்டா, வெளியேறப் பாஸ்வேர்ட் என்ன என்பதையெல்லாம் ஆசிரியர் ஒரு கோப்பாகத் தயாரிப்பார். அந்த அமைப்புகளையும் மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்து அரைத்தால் ஒரு சாவி கிடைக்கும். அதைத் தேர்வு நடக்கும் மூடுல் என்ற ஆன்லைன் வகுப்பறைத் தளத்தில் பதிந்துவைப்பார். மாணவர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் பிரௌசர் அந்தப் பக்கத்தின் முகவரியோடு சாவியை ஒட்டி, விடையிலிருந்து மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாத எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் போட்டு, வரும் 64 எழுத்துக் கோவையைக் கோரிக்கையோடு அனுப்புகிறது. சர்வரும் அதே கணக்கைத் தன் பக்கம் போட்டுப் பார்க்கும். ஒத்துவந்தால்தான் கேள்வித்தாள். சாவி வழியில் பயணிப்பதே இல்லை. மூன்றாம் பக்கத்தின் முத்திரையைப் பிடித்துவைத்தாலும் நான்காம் பக்கத்துக்கு உதவாது, முகவரி மாறிவிட்டதே.

இந்தக் கண்டிப்பில் ஒரு தொல்லை. அமைப்பில் ஒரு டிக் மாறினாலும் சாவி மாறும், மென்பொருளின் பதிப்பு மாறினாலும் மாறும். முந்தின இரவு நல்ல பிள்ளையாக அப்டேட் செய்துவிட்டு வந்தவர் காலையில் வாசலிலேயே நிற்பார். பதிப்பையும், விண்டோஸா மேக்கா என்பதையும் பொருட்படுத்தாத இன்னொரு சாவி பிற்பாடு வந்தது. 2020இல் வந்த மூடுல் 3.9 முதல் அதை மூடுலே கணக்கிட்டுக்கொள்கிறது.

மொத்தப் பூட்டையும் ஒரு பெட்டிக்குள் வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கணினிக்குள் ஒரு பொய்க் கணினி, அதற்குள் தேர்வு, வெளியே கூகுள். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். எனவே பிரௌசர் தான் நிற்கும் தரையைத் தட்டிப் பார்க்கிறது: கணினியை எழுப்பிவிடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலில் தயாரிப்பாளர் பெயர் என்ன, நெட்வொர்க் கார்டின் முகவரி எதில் தொடங்குகிறது? 08:00:27 என்றால் அநேகமாக விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் உருவாக்கிய பொய்க் கணினி. அந்த எண்ணையும் மாற்றிவைக்கலாம் என்பது மாணவர்களுக்கும் தெரியும்.

கணினி மாணவருடையது, அதன் அட்மினும் அவரே. சிக்கல் அங்கேதான். அட்மின் உரிமை கல்லூரியிடம் இருக்கும் லேபில் இந்த மென்பொருள் பலமான பூட்டு. வீட்டு லேப்டாப்பில் வெறும் வேகத்தடை. மடியில் இருக்கும் செல்போன் அதன் கண்ணில் படவே படாது. அதற்காகக் கேமராவை வைத்தவர்களும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் மாணவர்களை லேபில் உட்காரவைத்து, வாசலிலேயே செல்போனை வாங்கிக்கொண்டு, அப்புறம் இந்த பிரௌசரைத் திறந்துவிடுவேன். புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வு என்றால் அதுவும் வேண்டாம்.